போர்வைக்குள் ஒரு கை

மயக்க டாக்டர் என்றார்கள். அவரோ என்னை மயக்கவே இல்லை!

நான் சிறுமலைக்குப் பஸ் ஓட்டுகிறவன். வலது தோளில் ஜவ்வு கிழிந்து, வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல், திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் கீஹோல் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன். தூங்கவைத்தால் எழுவேனா என்று உள்ளுக்குள் உதறல்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். தொப்பிக்குள் அடங்காத சுருட்டை முடி. எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "இப்ப எறும்பு கடிக்கும்ணே" என்றார், கழுத்தில் ஊசி கடித்தது. ஸ்கேன் திரையைக் காட்டினார். "சிக்னல் லைட்டு மாதிரி மூணு வட்டம் தெரியுதா? கைக்குப் போற நரம்பு. அதை மட்டும் மரத்துப்போக வைக்கிறேன். நீங்க முழிச்சிருந்து டிவியில ஆபரேஷனைப் பாருங்க."

எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. சற்று நேரத்தில் போர்வைக்குள் வெதுவெதுப்பான ஒரு கை என் இடது கையில் தட்டுப்பட்டது. இறுகப் பற்றிக்கொண்டேன்.

"சார், முடியிற வரைக்கும் கையை விட்றாதீங்க."

அவர் தன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். "நீங்க பிடிச்சிருக்கிறது உங்க வலது கைதாண்ணே!"

தோளைத் தைப்பதைத் தேர் பார்ப்பதுபோல் திரையில் பார்த்தேன். இன்றும் சிறுமலை வளைவுகளில் ஸ்டியரிங்கைச் சுற்றும்போது அந்த வெதுவெதுப்பு நினைவுக்கு வரும். அவர் கையைத்தான் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.