இரண்டாவதாக விழுந்த கன்று

சாமிதுரை டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போய் சிமெண்ட் ஆலையில் கொட்டுகிற வேலை. வாலிகண்டபுரத்தில் மனைவி மலர்கொடியையும் ஒரு கறவை மாட்டையும் விட்டுவிட்டு வாரக்கணக்கில் வண்டியிலேயே கிடப்பார். ஒரே மகள் சிவரஞ்சனி பிறந்ததையும் வளர்ந்ததையும் வந்துபோகும் விருந்தாளி மாதிரிதான் பார்த்தார். அவள் இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள்.

ஒரு பங்குனி மாதக் காலையில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தபோது, ஒரு திருப்பத்தில் பைக்கில் வந்த பையன் ரோட்டில் சிந்திக்கிடந்த ஜல்லியில் சறுக்கி, லாரியின் பின்சக்கரத்துக்குள் போய்விட்டான். சாமிதுரைக்கு லேசான ஒரு குலுக்கல்தான் தெரிந்தது. கல் மேல் ஏறிவிட்டதென்று நினைத்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

அவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானது. வண்டியின் ஓனரே போன் செய்து திரும்பக் கூப்பிட்டார். சாமிதுரை போனார், கேபினில் ஏறி உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கைப் பிடித்தார், பிடித்த கை ஆடிக்கொண்டே இருந்தது. இறங்கி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மலர்கொடி பருத்தி எடுக்கப் போவாள், மக்காச்சோளக் கதிர் ஒடிக்கப் போவாள், திரும்பி வரும்போது காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். சோற்றை முன்னால் வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

ஆவணியில் மாடு கன்று போட்டது. நல்ல வெயில் நேரம். முதலில் விழுந்தது காளைக்கன்று, கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நின்று மடியைத் தேடியது. மலர்கொடி கையைக் கழுவப் போனாள். பின்னாலிருந்து மாடு முக்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் மாடு மறுபடியும் படுத்திருந்தது, இன்னொரு ஜோடிக் குளம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கழுவாமலே ஓடிவந்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டு மாடும் இரட்டை போட்டதில்லை.

இரண்டாவதாக விழுந்தது கிடேரி, பெண்கன்று. ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது. நாக்கு வெளியே தள்ளி, தலை தொங்கிக் கிடந்தது. மாடு ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலர்கொடி அதன் மூக்கில் இருந்த கோழையை வழித்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட்டாள். எதிர்வீட்டு மாட்டு வியாபாரி செல்லதுரை வேலியோரம் நின்று பார்த்தான்.

"இது தேறாதுக்கா. காளையப் பாரு" என்றான்.

மலர்கொடி எழுந்தாள். சீம்பாலைக் கறந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றினாள். கடையில் வாங்கிவந்த ரப்பர் காம்பைப் பாட்டில் வாயில் மாட்டினாள். நேராகப் போய் சுவரோரம் உட்கார்ந்திருந்த புருஷனிடம் நீட்டினாள்.

"புடிங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

சாமிதுரை வாங்கிக்கொண்டார். மறுக்கவும் ஒரு வார்த்தை வேண்டுமே, அது அவரிடம் இல்லை. கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து காம்பை அதன் உதட்டில் வைத்தார். அது வாயைத் திறக்கவில்லை. அவருடைய கை ஆடியதில் பால் சொட்டுச் சொட்டாக உதட்டில் தெறித்தது. ரொம்ப நேரம் அப்படியே தெறித்துக்கொண்டிருந்தது. பிறகு நாக்கு ஒருதரம் வெளியே வந்து நக்கியது. இன்னொருதரம். சட்டென்று காம்பைக் கவ்வி இழுத்த இழுப்பில் பாட்டில் அவர் கையை விட்டுப் போகப் பார்த்தது. சாமிதுரை அரண்டுபோய் மலர்கொடியைப் பார்த்தார்.

"இழுக்குது" என்றார்.

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. மலர்கொடி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அதன் பிறகு கன்று அவருடையது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டவேண்டும், தலையை ரொம்பத் தூக்கினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், மடியில் குடிக்கிற உயரத்திலேயே பாட்டிலைப் பிடிக்கவேண்டும் என்று மலர்கொடி சொல்லிக்கொடுத்தாள். அவர் அப்படியே செய்தார். கழிச்சல் கண்டபோது விரலால் சாணியைத் தொட்டு மோந்து பார்க்கக்கூடப் பழகினார். கால் ஊன்றாத கன்றின் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நிற்கவைத்தார். பாப்பா என்று கூப்பிட்டார்.

ஒருநாள் மலர்கொடி புல்லுக்கட்டோடு கொல்லைப்பக்கம் வந்தபோது கொட்டகைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. சாமிதுரை கன்றுக்குப் பால் கொடுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். "கல்லுன்னுதான் பாப்பா நெனச்சேன். சத்தியமா கல்லுன்னுதான் நெனச்சேன்." மலர்கொடி தலையிலிருந்த கட்டைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றாள்.

கன்று தேறியது. தேறியது மட்டுமில்லை, காளைக்கன்றை விற்றபிறகு, ஒரு காளையைப்போலவே வாட்டசாட்டமாக வளர்ந்தது. கழுத்து தடித்து, நெஞ்சு அகன்று, தெருவில் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆனால் அந்த வயதுக் கிடேரிகள் எல்லாம் பருவத்துக்கு வந்து கத்தியபோது இது மட்டும் கத்தவில்லை. சாமிதுரை தாது உப்பு கொடுத்தார், முளைகட்டின கொள்ளு கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று ஒரு வருஷம் பார்த்தார். கடைசியில் புதிதாக மாறுதலாகி வந்திருந்த கால்நடை டாக்டர் பிரேம்குமாரைக் கூட்டிவந்தார். மலர்கொடி அன்று வேலைக்குப் போயிருந்தாள்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையை வெளியே எடுத்துக் கழுவிய பிறகுதான் கேட்டார்.

"அண்ணே, இது தனியாப் பொறந்ததா?"

"இல்லிங்க சார். ரெட்டை."

"கூடப் பொறந்தது காளையா?"

"ஆமாங்க."

டாக்டர் துண்டால் கையைத் துடைத்தார். "தாய் வயித்துல ரெண்டோட ரத்தமும் ஒண்ணாக் கலந்துரும்ணே. காளையோட சத்து இதுக்குள்ள போயி, கருப்பையே வளரவிடாமப் பண்ணிரும். இதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. ஊசி போட்டு எந்தப் பிரயோசனமும் இல்ல. இது சினை பிடிக்காதுண்ணே."

"மருந்து மாத்திரை ஏதாச்சும்..."

"இல்லாததுக்கு மருந்து கிடையாதுங்க."

சாமிதுரை அவர் பைக் போவதைப் பார்த்தபடி நின்றார். சாயங்காலம் மலர்கொடி வந்தபோதும் அங்கேயேதான் நின்றார். பழைய மாதிரி ஆகிவிட்டாரோ என்று அவள் பயந்தாள்.

"பாப்பாவுக்கு உள்ள ஒண்ணுமே இல்லியாம் மலரு" என்றார். "கன்னே போடாதாம்."

அவள் அழவில்லை, பதறவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. முக்காட்டுத் துண்டை அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டாள். சாமிதுரை அவளை உற்றுப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"பொறந்த அன்னிக்கே. எங்க அப்பா வூட்டுல ஒண்ணு இப்புடிப் பொறந்துச்சு. ரெட்டையில காளையோட விழுந்த கிடேரி பலிக்காதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட பாட்டிலக் குடுத்த?"

"தெரியாதவளா இருந்தாலும் குடுத்திருப்பேன்."

"இத்தன வருஷம் ஒரு வார்த்த சொல்லலியே மலரு. நான் தெனம் ஒரு தடவ எழுப்பி, பருவத்துக்கு வந்துருச்சான்னு தடவிப் பாத்து..."

மலர்கொடி அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "சொல்லியிருந்தா பாட்டிலக் கீழ வச்சிருப்பீங்க. வச்சுட்டு எங்க போயிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். மாடு ஈனறதுக்கு மொத நாளு மத்தியானம், பெரிய கெணத்து மேட்டுல செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு உள்ள பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. நான் வரப்புல நின்னேன். கூப்புட்டா பயந்துபோயி விழுந்துருவீங்களோன்னு கூப்புடல. நீங்களா எந்திரிச்சு வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

சாமிதுரை திகைத்துப்போனார். அந்த மத்தியானத்தைப் பற்றி உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். அதை அவர் கன்றிடம்கூடச் சொன்னதில்லை. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்த தன்னை, முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குள் இறங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் செல்லதுரை தானாகவே வந்தான். டாக்டர் வந்துபோனது அவன் காதுக்கு எட்டியிருந்தது. மாட்டைச் சுற்றி வந்து பார்த்தான்.

"குடுக்கறதா இருந்தா சொல்லுண்ணே. எனக்கு அன்னிக்கே தெரியும். அக்காதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. தெருவுல அத்தன பேருகிட்டயும்தான்."

சாமிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்பா எப்போது கன்று போடும் என்று தெருவில் ஒருத்தர்கூட அவரிடம் கேட்டதில்லை. தெருவே கூடி, இத்தனை வருஷமும் அவர் முகத்துக்கு நேராகக் கேட்காமலே இருந்திருக்கிறது.

"இது எங்கயும் போவாது" என்றார் செல்லதுரையிடம்.

அவன் போனபிறகு மலர்கொடி சொன்னாள். "வச்சுக்கலாம். ஆனா பால் குடுக்காத மாட்டுக்கு நான் ஒருத்தி ஒழைச்சுத் தீனி போட முடியாதுங்க."

சாமிதுரை அடுத்த வாரமே பெரம்பலூருக்குப் பால் கொண்டுபோகும் வேனில் டிரைவராகச் சேர்ந்தார். மெதுவாகத்தான் ஓட்டுகிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுகிறார். முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் எதுவும் பேசாமல் படுத்துவிடுவார், அப்புறம் அது குறைந்தது.

பாப்பாவுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டுபோகும் இடத்தில் எந்த மாடு பருவத்துக்கு வந்திருந்தாலும் அது முகர்ந்து கண்டுபிடித்து, காளை மாதிரி அதன் பின்னாலேயே போய் நின்றது. தங்கள் மாடு கத்தாமல் ஏமாற்றுகிறது என்று கவலைப்படுகிறவர்கள், பாப்பாவை ஒருதரம் கூட்டிவரச் சொன்னார்கள். அது பின்னால் போனால் சினை ஊசி போட டாக்டருக்குப் போன் போட்டார்கள். பிரேம்குமார் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார்.

சாமிதுரை மட்டும் அன்றைய திகைப்பிலிருந்து இன்னும் தெளியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்ப்பார். முன்பின் தெரியாத ஆள் ஒருத்தி வீட்டுக்குள் இருப்பதைப்போல.

"என்னையப் பத்தி இன்னும் என்னென்ன தெரியும் உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கொழம்பு ஊத்தவா?" என்றாள் மலர்கொடி.