சிவப்பைத் தொட்ட முள்

சென்ற வாரம் கோரிப்பாளையத்தில் ஜாபர் பாயின் பட்டறையில் ஒரு வெப்பமானியை வேக வைத்தோம். சிரிக்க வேண்டாம். பழைய அம்பாசிடர் காரின் டாஷ்போர்டிலிருந்து கழற்றிய மானி அது. அதன் பின்னால் மெல்லிய செம்புக் குழாய், குழாயின் முனையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குமிழ். குமிழ் எஞ்சின் தண்ணீரில் கிடக்கும். சூடு எவ்வளவு என்பதை முள் காட்டும். பழுது பார்த்த பிறகு குமிழைக் கொதிநீரில் போட்டுச் சோதிப்பதுதான் முறை. பாய் டீச்சட்டியிலேயே போட்டுவிட்டார்.

"சட்டியக் கழுவுனீகளா பாய்?"

"சார், நீங்க ரிட்டயர்டாகி எம்புட்டு வருசமாச்சு? இன்னும் டூட்டியிலயே இருக்கீகளே!"

எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். மாவட்டத்துத் தராசுகளில் பாதிக்கு முத்திரை வைத்த கை சும்மா இருக்குமா? அதனால்தான் அந்தக் காரைப் புதுப்பிக்கும் மருமகன், மானிகளை மட்டும் என் தலையில் கட்டினான். என் மனைவியின் தம்பி மகன் அவன்.

தண்ணீர் காய்ந்தது. முள் மெல்ல எழுந்து பாதியைத் தாண்டியது. சட்டியிலிருந்து ஆவி வந்தது, துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடையோடு. 

"போதும் பாய், எடுத்துருங்க."

"இன்னும் கொதிக்கவே இல்லையே சார்!"

கொதிக்கத் தேவையில்லை. அந்த வாடையை எனக்குத் தெரியும்.

அதை முதலில் முகர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். இதே கார்தான், அப்போது மாமனாருடையது. நான் ஓட்டக் கற்றது பாதி ஓட்டுநரிடம், பாதி காரோடு வந்த கையேட்டில். கையேட்டில் இருப்பது அப்படியே மனப்பாடம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் செய்யும் சடங்குகளைப் பார்த்து மைத்துனன் முத்துராசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "எங்க மச்சான் வண்டியா ஓட்டுறாரு, பரீட்சையில்ல எழுதுறாரு."

அவனைத்தான் பாம்பு கடித்தது. செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து மோட்டார் அறையில், பட்டப்பகலில். நல்ல பாம்பு, படம் எடுத்ததைப் பார்த்திருக்கிறான். மாமனாரும் ஓட்டுநரும் வெளியூரில். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது அன்று குடும்பத்துக்கு நேர்ந்த இரண்டாவது விபத்து. கடிபட்ட காலில் துணியை இறுக்கிக் கட்டினேன். அன்றைய முதலுதவிப் புத்தகம் கட்டு என்றது, இன்றைய புத்தகம் கட்டாதே என்கிறது. இரண்டையும் நான் வரி பிசகாமல் சொல்வேன்.

முத்துராசு முன்னால், என் மனைவி பின்னால். அந்த ரேடியேட்டர் ஒழுகும், கிளம்பும்போதெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் கலவரத்தில் யாருக்கு ஞாபகம்? செக்கானூரணி தாண்டியதுமே முள் சிவப்பைத் தொட்டது. உடனே நிறுத்து, எஞ்சினை அணை, அரை மணி நேரம் ஆறவிடு, அதுவரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்கிறது கையேடு. அரை மணி நேரம்! என் கால் தானாகவே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டது.

"மச்சான், எதைப் பாக்குறீக?"

"சூடு ஏறுது மாப்ள. நிப்பாட்டலைன்னா எஞ்சின் போயிரும்."

"எஞ்சின் மதுரையில வேற கெடைக்கும்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மானியை மூடி, ஓரத்தை இடுக்கில் செருகினான். "இப்ப எம்புட்டுச் சூடு?"

"தெரியல."

"அப்ப ரோட்டப் பாருங்க."

பின்னாலிருந்து என் மனைவி, "டேய், பேசிக்கிட்டே வாடா, வாய மூடிராத," என்று அழுதாள். பேசினான். கல்யாணத்தன்று தாலியை நான் எடை போட்டுப் பார்த்ததாக ஒரு கதையைக் கட்டிவிட்டுச் சிரித்தான். நாகமலை புதுக்கோட்டை வரும்போது, வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவது போல நாக்கு குழறியது. இமைகள் பாதியில் நின்றன, தூக்க முயன்றும் ஏறவில்லை. பேச்சுக்கும் இமைக்கும் மானி கிடையாது. எந்த அளவில் நிறுத்தலாம், எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியை மூடியது. அதே துரு வாடை. காளவாசலில் அவனிடமிருந்து "ம்" மட்டும்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

பயத்தில் எனக்குப் பேச விஷயமே வரவில்லை. வந்தது எடையளவுச் சட்டம். முதல் பிரிவிலிருந்து உரக்க ஒப்பித்தேன். மூன்றோ நான்கோ பிரிவு போயிருக்கும்.

"போ... தும்," என்றான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டி தானாகவே நின்றது. எஞ்சின் செத்துப்போயிருந்தது. யார் யாரோ ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன்; விரல்களை என் மனைவிதான் பிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் கண் திறந்தவன் முதலில் எஞ்சினைத்தான் விசாரித்தான். அதை மாற்றிப் போட்டார்கள். சிவப்பிலேயே சிக்கிக்கொண்ட முள்ளை மட்டும் அவன் சரிசெய்ய விடவில்லை. "முள்ளு வேல செஞ்சா மச்சான் நிப்பாட்டிருவாரு," என்பான், விருந்தாளி யார் வந்தாலும்.

அந்தச் சாலை இப்போது நான்குவழி. புளியமரங்கள் போய்விட்டன. போன வருடம் அதே சாலையில் அவனை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. இந்த முறை நெஞ்சு. "சொந்தக்காரங்க பின்னாடி வண்டியில வாங்க," என்றார்கள். அதுதான் முறை என்பதால் நான் வாதாடவில்லை. மருத்துவமனையில் கண்ணாடிக் கதவு. காலையில் ஒருமுறை நர்ஸ் வெளியே வந்து எண்கள் சொல்லுவார்: அழுத்தம், துடிப்பு, ஆக்சிஜன்.

"பேசுறானாம்மா?" என்று கேட்டேன்.

"டியூப் போட்டிருக்குல்ல சார், பேச முடியாது. ஆனா ரீடிங் எல்லாம் நார்மல்."

மூன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். ஒன்றிலும் பிழையில்லை. அவன் குரலை அதன்பிறகு நாங்கள் கேட்கவில்லை.