மயில்கழுத்துக் கலர்

கல்லூரியில் என் முதல் வகுப்பு ஒரு செல்போனுக்குள் நடந்தது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.காம். சேர்ந்திருந்தேன், ஆனால் ஆன்லைனில். பகலெல்லாம் அரியலூர் ஜவுளிக்கடையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் சேலைக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்பேன். முதல் நாள், கிளாஸ் ரெப்பாக இருந்த பெண் தன் போனைச் சுற்றித் திருப்பி வகுப்பு முழுவதையும் எனக்குக் காட்டினாள். "எல்லாரும் ஹாய் சொல்லுங்கப்பா! இவளும் நம்ம கிளாஸ்தான்." முன்பின் தெரியாத அத்தனை பேரும் கையசைத்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் என் தோழி. எந்த சார் யாரைத் திட்டினார், ஹாஸ்டல் சாம்பார் எப்படி இருந்தது, எல்லாம் எனக்கு வந்துவிடும். கால் வைக்காத வகுப்பறையில் யாருக்கு எந்த பெஞ்ச் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

கடைசி வருஷப் பிரிவுபசார விழாவுக்குப் பெண்கள் எல்லாரும் ஒரே கலரில் சேலை கட்டுவது அங்கே வழக்கம். "ஜவுளிக்கடைக்காரி நீதான்டி, கலர நீயே சொல்லு" என்றாள். கடையில் இருந்ததையெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். மயில்கழுத்துக் கலர் முடிவானது. வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். "வராம இருந்துடாத" என்று தனியாகவும் சொன்னாள்.

முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஆன்லைன்காரர்களில் போனது நான் ஒருத்திதான். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. அத்தனை பேரும் அரக்குக் கலர்.

தோழி ஓடி வந்தாள். "ஐயோ, கலர் மாத்திட்டோம்டி. எங்க குரூப்ல போட்டோமே..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த குரூப்பு?"

"டெய்லி காலேஜ் வர்றவங்களுக்குன்னு ஒண்ணு இருக்குடி, மொதல்லேர்ந்தே. நீ நெசமாவே வருவேன்னு யாரு நெனச்சா?"

கலர் மாறியதைக்கூட நான் மறந்துவிடுவேன். "யாரு நெனச்சா" என்று அவள் கேட்டதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. வரச் சொன்னவளே அவள்தானே! சிரித்து மழுப்பினேன்.

குரூப் போட்டோவுக்கு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். என்னை நிற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோழி தன் போனை என் கையில் திணித்து, "நீயே எடுத்துடுடி, உனக்குத்தான் நல்லா வரும்" என்றாள். எடுத்தேன்.

அரியலூர் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போதே அந்தப் படம் நான் இருந்த குரூப்பிலும் வந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "நம்ம கிளாஸ்! ஒருத்தர் விடாம எல்லாரும் இருக்கோம்."