குங்குமம் தின்ற கேசட்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜை அன்று சாயங்காலம். ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் வண்டி உதிரிபாகக் கம்பெனியின் பின்பக்க மைதானத்தில் நடந்தது இது.

நானும் பாகலூர்க்காரன் ஒருத்தனும் சேர்ந்து பாட்டு கட்டுகிறவர்கள். நான் அசெம்பிளி, அவன் மெயின்டனன்ஸ். பாட்டென்றால் சினிமாப் பாட்டில்லை. சின்ன வயதில் டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடுவோமே வீடியோ கேம் பெட்டி, அதுதான் எங்கள் வாத்தியம். அதன் 'டிங் டிங்', 'டொய்ங்' சத்தங்களையே மெட்டாக்கி, பழைய மஞ்சள் கேசட் ஒன்றுக்குள் அவன் ஏற்றி வைத்திருந்தான். அது ஓட ஓட நாங்கள் ராப் பாடுவோம். நான் தமிழில், அவன் கன்னடத்தில். எல்லையோர ஊருக்குத் தகுந்த கூத்து.

கம்பெனியில் எங்களைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. அதிலும் பேக்கிங்கில் ஒரு அக்கா இருக்கிறார், வாய்க்கு வஞ்சனை வைக்காதவர். "என்னாங்கடா இது, பல்லிக்கு விக்கல் எடுத்த மாதிரி ஒரு பாட்டு!" என்றுதான் எங்களைப் பார்த்தால் ஆரம்பிப்பார்.

பாட்டில் எங்களுக்கும் ஒரு குறை இருந்தது. கூட்டம் சேர்ந்து பாட ஒரு வரி அமையவே இல்லை. தமிழில் வைத்தால் கன்னடக்காரர் சும்மா நிற்பார், கன்னடத்தில் வைத்தால் நம்மாட்கள் சும்மா நிற்பார்கள். நடுவில் தெலுங்குக்காரர் வேறு. அந்த இடத்தை வெறும் மெட்டாகவே விட்டுவைத்தோம்.

பூஜை முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா. அதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு பாடிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் முதல் மேடை. அந்த வாரம்தான் அவனுக்குப் புனே கிளைக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள்.

"இன்னிக்கு எடுபடலைன்னா நான் சரின்னு சொல்லிடுவேன் மச்சா. போதும் இந்த ஆட்டம்" என்றான்.

"ஊதுற சங்கை ஊதி வைப்போம், விடியறப்ப விடியட்டும்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

காலையிலிருந்து கேசட் செருகியபடியே கேன்டீன் மேஜையில் இருந்த பெட்டியை எடுக்கப் போனால், அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். லேத், டிரில்லிங் மிஷினோடு சேர்த்து அதற்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு மேடையேறினோம்.

பட்டனை அழுத்தினான். 'கொர்ர்ர்' என்று ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அணைத்துப் போட்டான். அதே கொர்ர்ர். மைதானமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணலாம்!" என்று ஒரு குரல். விசில். பின்னால் ஆர்கெஸ்ட்ராக்காரர் கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனு மாடோது மச்சா?" என்றான் அவன். என்ன செய்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா? அவன் முகத்தில் புனே ரயிலே தெரிந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து அந்த அக்கா எழுந்து நின்றார்.

"டேய், என்னாடா முழிக்கறீங்க? கேசட்டைக் கழட்டி ஊதுடா! எங்கண்ணன் அப்பிடித்தான் பண்ணும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெட்டியோடு வளர்ந்த எவருக்குத்தான் அந்த வைத்தியம் தெரியாது? இடதுபக்கத்திலிருந்து "ஊதோ! ஊதோ!" என்றார்கள். பின்னாலிருந்து "ஊதரா!" என்றார்கள். எங்கள் பக்கம் "ஊதுடா!" தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, எல்லோர் வாயிலும் ஒரே ஊது!

அவன் கேசட்டைக் கழற்றி மைக் பக்கத்திலேயே வைத்து ஊதினான். 'ஃபூ...' என்று ஒலிபெருக்கியெல்லாம் அதிர, கேசட்டின் வாயிலிருந்து குங்குமம் புஸ்ஸென்று கிளம்பி அவன் முகமெல்லாம் சிவப்பு. மைதானம் குலுங்கியது. திரும்பச் செருகினான்.

'டிங் டிங் டிங் டொய்ங்!'

பாடினோம். வெறுமனே விட்டுவைத்திருந்த அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினேன். வரி தானாக வந்து விழுந்தது. "ஊது! ஊது!" ஒரு பாட்டுக்கு வந்தவர்களை மூன்று தடவை பாட வைத்தார்கள். ஆர்கெஸ்ட்ரா டிரம்ஸ்காரர் கேட்காமலே தாளம் சேர்த்தார்.

இறங்கியதும் அக்காவிடம், "பொட்டு வெச்சது நீங்கதானாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுவும் உங்களுக்கு ஓடற மிஷின்தானே? அதை மட்டும் உட்டா கோச்சுக்காதா? உள்ள கொஞ்சம் கொட்டிடுச்சு போல" என்றார், பல்லி விக்கல் என்று சொன்ன அதே வாயால்.

அவன் புனேக்குப் போகவில்லை. 'ஊது'தான் இன்றுவரை எங்கள் பாட்டின் பல்லவி, எந்த ஊர் மேடையிலும். பெட்டியைத் துடைப்போம், அந்தப் பொட்டை மட்டும் துடைப்பதில்லை. நடுப்பாட்டில் சத்தம் நின்றுபோனால்கூட இப்போது எனக்குப் பயமில்லை. நின்ற இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்க எதிரில் ஒரு குரல் இருக்கும் என்பதை அன்றே கேட்டுவிட்டேன்.