சித்திரையில் தங்கிய குருவி

அடையாற்றுப் பூங்காவின் புங்கமரத்தில் அந்தக் குரல் ஈரசையாய்க் கீச்சிட்டது. கட்டைவிரலளவே உள்ள கதிர்க்குருவி. "இன்னும் இங்கயே கீது பாரு பாட்டிம்மா. சித்திரை பொறந்தா இமயமலைப் பக்கம் போயிடணும்" என்றார், அருகில் கேமராவுடன் நின்றவர். எதிரே உள்ள மருத்துவமனையில் என் தங்கை நினைவின்றிக் கிடந்தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லை வேம்பிலும் இதே குரல்தான். ஒரு சித்திரையில் தங்கைக்கு விஷஜுரம். வேப்பம்பூவின் மணமும் அவள் நெற்றியில் இட்ட சுக்குப் பற்றின் நெடியும் கூடம் நிறைய நின்றன. அப்பா பாசுரம் சேவித்தபடியே அவள் கால்களைத் தடவிக்கொடுப்பார். "இந்தக் குருவி கிளம்பறதுக்குள்ள ஜுரம் எறங்கிடும்டி" என்று என்னைத் தேற்ற அவர் சொன்னதை நான் வாக்காகவே பற்றிக்கொண்டேன். ஜுரம் இறங்கவில்லை, ஆகவே குருவி கிளம்பிவிடக் கூடாது. பெருமாள் அமுதுசெய்த தயிர்சாதத்தை மரத்தடியில் வைத்துக் கைகூப்பி நின்றேன்.

அப்பா பாசுரத்தை முடித்த பிறகே சிரித்தார். "அசடே, அது பூச்சிதான் திங்கும். உன் பிரசாதம் காக்காய்க்குத்தான்." மறுநாள் விடியலில் தங்கை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். வேம்பில் குருவி அப்போதும் கத்திக்கொண்டிருந்தது.

இன்றும் கோயிலிலிருந்து அவளுக்காக வாங்கிவந்த தயிர்சாதம் என் கையில் இருந்தது. அவளால் விழுங்க முடியாது. "பெரியம்மா, டாக்டர் எல்லாரையும் வரச் சொல்றார்" என்று பூங்கா வாசலிலிருந்து அவள் மகன் அழைத்தான்.

"இதோ வரேண்டா" என்றேன். தொன்னையைப் புங்கமரத்தடியில் வைத்தேன். குருவி அதைத் தின்னாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும், இன்னும் ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போ என்று கைகூப்பிக் கெஞ்சினேன்.