ஆறு பேர் உட்கார்ந்த வாசல்

கம்பெனி பூஜைப் பந்தலுக்கு இறக்கிய பச்சைத் தென்னை ஓலையின் வாசம், ஷிப்ட் பஸ்கள் நிற்கும் இதே இடத்தில் முன்பு இருந்த எங்கள் மண்ணூர் வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. வயதுக்கு வந்த அக்காவைக் கொல்லையில் ஓலைக்குடிசை கட்டி உட்காரவைத்ததோடு பள்ளிக்கூடத்தையும் அப்பா நிறுத்திவிட, அவளுடைய வகுப்புப் பெண்கள் ஆறு பேர் சீருடையோடு வந்து, வெயிலில் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவள அனுப்புங்க. நாங்களே கூட்டிகினு போயி கூட்டிகினு வரோம்," என்றாள் ஒருத்தி.

தெருவே வேடிக்கை பார்த்தது. எட்டு வயதில் எனக்கு மானம் போவதுபோல் இருந்தது.

"அக்காவே படிக்க மாட்டேன்னுட்டா," என்றேன்.

அவர்கள் எழுந்து போனார்கள். கொல்லையில் ஓலை ஒருமுறை சரசரத்தது.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. அப்படிச் சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.