மூன்று நிமிடத்துக்கு ஒருவர்

பேருந்துப் பணிமனையின் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. ஓர் ஆள் உட்காரலாம், இன்னோர் ஆள் தலையை நீட்டலாம், அவ்வளவுதான் இடம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று அதற்குள் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து எழுதியவர் டைம்கீப்பர் அக்கா. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் பெயர் மட்டும் மாறவில்லை. வீட்டில் மாமனார்கூட, "டைம்கீப்பர் இன்னும் காபி போடலையா?" என்றுதான் கேட்பார்.

ஓட்டுநர்களுக்கு அவரிடம் பயம் உண்டு. நான்கு நிமிடம் பிந்தி வந்தவன் "டிராஃபிக்குக்கா" என்று தலையைச் சொறிந்தால், "உனக்கு முன்னால போனவன் பறந்தா போனான்?" என்று கேட்டுவிட்டு அந்த நான்கையும் எழுதிவிடுவார். ஆனால் ஏதாவது ஒரு வண்டி நடுவழியில் நின்றுபோனால் பணிமனை மொத்தமும் அந்தக் கூண்டைத்தான் பார்க்கும். எந்த வண்டியின் வழித்தடப் பலகையைக் கழற்றி எதில் மாட்டினால் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.

பணிமனைக்குப் பின்னால், வண்டி கழுவும் இடத்தை ஒட்டி, நீளவாக்கில் ஒரு நிலம். ஓடி முடித்த பேருந்துகளை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். பத்து வருடங்களுக்கு முன் அவற்றை ஏலத்தில் எடுத்தவர்கள் இழுத்துப் போனார்கள். அடுத்த மழையில் அங்கே செடிகள் முளைத்தன. யாரும் விதைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவோடு அங்கே போய் நிற்பார். முளைத்தவற்றில் தும்பை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். மற்றவற்றின் இலையைப் பறித்துக் காகிதத்தில் மடித்து, மருந்துச்சரக்குக் கடையில் காட்டுவார், நூலகத்தில் படத்தோடு ஒப்பிடுவார், ஆடு மேய்ப்பவரிடம் கேட்பார். மூன்று இடத்திலும் ஒரே பெயர் வந்தால்தான் எழுதி வைப்பார். இரண்டு வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி.

அந்தக் கோடையில் பணிமனை வாசலில் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிச் செடிகள் கருகின. பின்னால் யாரும் ஊற்றாத செடிகளில் தேனீக்கள் மொய்த்தன. அக்கா விதை சேர்த்தார். பழைய ஆயில் டப்பாக்களில் நாற்று விட்டார். பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "ஆளுக்கு ஒரு பாத்தி காய்கறி போட்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். போட்டுக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பாத்திக்கு நடுவில் ஒரு வரிசை நாட்டுச் செடி இருக்க வேண்டும் என்றார். முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு பருவம் முடிந்ததும், நாட்டுச் செடி வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பீர்க்கங்கொடி தள்ளியிருந்த கொடியைவிட இரண்டு மடங்கு காய்த்ததை அவர்களே பார்த்தார்கள். முணுமுணுப்பு நின்றது. இன்று அங்கே இருபத்தெட்டுக் குடும்பங்களின் பாத்திகள் இருக்கின்றன. நிழல்வலைக்கு அடியில் இரண்டாயிரம் நாற்றுகள் தட்டுகளில் நிற்கின்றன. நாற்பத்தொரு வகை, கேள்விக்குறி மூன்றுக்குத்தான்.

மாமனார் மட்டும் மசியவில்லை. கடைசல் பட்டறையில் காலம் தள்ளியவர். "களையைப் பிடுங்கி எறியறவங்களைப் பார்த்திருக்கேன். தட்டுல வெச்சுத் தாலாட்டறவங்களை இப்பதான் பார்க்கறேன்" என்பார்.

அத்தனைக்கும் தண்ணீர், வண்டி கழுவும் இடத்துக் குழாய்தான். பழைய மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன அனுமதி. புதிதாக வந்த மேலாளர் நல்ல மனிதர். அவரே தோட்டத்துக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, எனக்கும் ஆசைதான். ஆனா எழுத்துல ஒண்ணும் இல்லையே. மாசக் கடைசிக்குள்ள நகரமன்றத்துலேர்ந்து தனி இணைப்பு வாங்கிடுங்க. இல்லேன்னா நான் குழாயை மூடியாகணும்."

மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. அது கோடை. மண்ணில் நிற்கும் செடி எப்படியும் பிழைத்துக்கொள்ளும். தட்டில் நிற்கும் நாற்று தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்காது.

சமூகத் தோட்டங்களுக்கும் நாட்டுச் செடிகளுக்கும் நகரமன்றம் நிதி ஒதுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அக்கா ஏற்கெனவே இருமுறை விண்ணப்பித்திருந்தார். முதல் விண்ணப்பம் 'வேறு பிரிவுக்கு அனுப்பவும்' என்று திரும்பியது. எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. இரண்டாவதின் ஓரத்தில் 'களைச்செடிகளுக்கு நிதி ஒதுக்க விதியில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்து மகிழ்ந்தார். மூன்றாவது இப்போது மன்றக் கூட்டத்துக்கே வந்திருந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்து பேர் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

அக்கா பதினைந்து நிமிடத்துக்கு ஒரே பேச்சாக எழுதி, அதை ஐந்தாக வெட்டித் தோட்டத்து ஆட்களுக்குப் பிரித்தார். முதல் தாள் நிலத்தின் கதை: முடிவெட்டும் கடைக்காரர். இரண்டாவது காய்கறிப் பாத்திகள்: பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா. மூன்றாவது நாட்டுச் செடிகள்: அக்காவே. நான்காவது தண்ணீர்: பிளம்பர். ஐந்தாவது கோரிக்கை, அதற்கு ஒரு பெரியவர் வேண்டும் என்று மாமனாரைக் கேட்டார்.

"களைக்கு நான் சிபாரிசா?"

"படிச்சா மட்டும் போதும், மாமா. நம்பணும்னு இல்ல."

"அப்ப சரி."

கடை விடுமுறை நாளில் முடிவெட்டும் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அக்கா கையில் கடிகாரம். மற்றவர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட, கடைக்காரர் மட்டும் நான்கரைக்குப் போனார்.

"தம்பி, எழுதினதைப் படிக்கத்தானே சொன்னேன்?"

"படிக்கத்தான் செய்யறேன்க்கா. நடுவுல ஒரு விஷயம் தோணுது, சொல்லாம விட்டா வயிறு உப்புது."

இருபது முறை சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவது தாளை அக்கா நான்கு தடவை திருத்தி எழுதினார். ஒன்பது வருடம் பார்த்ததை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோவார்.

கூட்ட நாள் வந்தது. மன்றத்தில் ஒன்பது உறுப்பினர்கள் வளைந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி. தோட்டத்து ஆட்கள் ஐவரும் ஒரே பெஞ்சில், வரிசைப்படி. செயலர் பட்டியலை எடுத்தார்.

"இந்தக் கூட்டத்திலேர்ந்து ஒரு புது ஏற்பாடு. வயசுல மூத்தவங்களைக் காக்க வைக்கக்கூடாதுன்னு முடிவு. அதனால வயசு வரிசைப்படி கூப்பிடறேன். முதல்ல எண்பத்தஞ்சு வயசுப் பெரியவர்."

பெஞ்சின் கடைசியில் இருந்த மாமனார் எழுந்தார். நிதானமாக ஒலிபெருக்கி முன்னால் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்தாவது தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

"இதுவரை எங்கள் நால்வர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி."

அறை சிரித்தது. தலைவி கையமர்த்தி, "நீங்கதான் முதல் ஆள், ஐயா" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? எழுதினவங்களுக்குத்தான் தெரியல."

பெஞ்சில் சமையல்காரம்மா அக்காவின் கையைப் பிடித்தார். "அக்கா, எல்லாம் தலைகீழாப் போச்சு."

அக்கா பெஞ்சில் இருப்பவர்களின் வயதை வைத்து வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அறுபத்தொரு வயது, அவரேதான். பிறகு சமையல்காரம்மா, பிறகு கடைக்காரர், கடைசியில் பிளம்பர். இரண்டாவது தாளும் நான்காவது தாளும் தானாகவே சரியான இடத்தில் வந்துவிடும். மாறி நிற்பது ஒன்றும் மூன்றும்தான். அந்த நிலம் என்னவாக இருந்தது, அதில் என்ன விளைகிறது என்று கேட்காதவர்களிடம் போய் நாட்டுச் செடியைப் பற்றிப் பேசினால், மறுபடியும் சிவப்பு மைதான். நிலத்தின் கதை முதலில் வர வேண்டும். அதை அவர்தான் படித்தாக வேண்டும். அவருடைய தாளைக் கடைக்காரர் படிக்க வேண்டும். வேறு வழியில்லை. பலகையைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

ஆனால் மடியில் இருந்த மூன்றாவது தாளைத் தூக்கக் கை வரவில்லை. அதற்குள் மாமனார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"நால்வர் அப்புறம் சொல்லுவாங்க. என்ன வேணும்னு மட்டும் நான் சொல்லிடறேன். ஒண்ணு, தண்ணிக்குத் தனி இணைப்பு. ரெண்டு, அந்த இடத்துல அஞ்சு வருஷத்துக்கு எழுத்துப்பூர்வ அனுமதி. மூணு, ரோட்டு நடுவுல வைக்கறதுக்கு நீங்க வெளியூர்லேர்ந்து வாங்கற செடிக்குப் பதிலா இவங்க நாற்றை எடுக்கணும். ஏன் எதுக்குன்னு என்னைக் கேட்காதீங்க. பின்னாடி வர்றவங்களைக் கேளுங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி நடந்தார்.

அக்கா தாளைக் கடைக்காரர் மடியில் வைத்து, அவருடையதை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இது உங்களோடது!"

"இப்ப உன்னோடது."

"வாயிலேயே நுழையாத பேரெல்லாம் இருக்கேக்கா."

"இருபது தடவை என் வாயால கேட்டிருக்க. சும்மா படி. வயிறு உப்பினா உப்பட்டும்."

அக்கா எழுந்து போய் நிலத்தின் கதையைப் படித்தார். இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. சமையல்காரம்மா பாத்திகளைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் காய் அங்கிருந்துதான் வருகிறது என்றபோது இரண்டு உறுப்பினர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் எழுந்தார். நாட்டுச் செடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, தவறாமல், அக்காவின் ஏற்ற இறக்கத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். பாதியில், வளைந்த மேசையின் ஓரத்தில் இருந்த உறுப்பினர் கையைத் தூக்கினார். ஊரில் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர்.

"ஒரு சந்தேகம். தானா முளைக்குது, தானா வளருதுன்னு நீங்களே படிக்கறீங்க. தானா வளர்றதுக்கு நாங்க எதுக்கு நிதி குடுக்கணும்?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்காரர் தாளைக் கீழே இறக்கினார். "ஐயா, தலைமுடிகூடத் தானாதான் வளருது. நீங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவை என் கடைக்கு வராம இருக்கீங்களா?"

தலைவி முதலில் சிரித்தார். இரும்புக்கடைக்காரரின் கை அவரை அறியாமலே பின்னந்தலையைத் தடவியது. அறை சிரிப்பில் வெடித்தது.

"வளர்றது அதோட வேலைங்கய்யா. எது எங்க இருக்கணும், எதை விதைக்கு விடணும்னு பார்க்கறது ஆளோட வேலை. அதைத்தான் அக்கா ஒன்பது வருஷமாப் பார்க்கறாங்க. மிச்சத்தைப் படிச்சுடறேன், என் நேரம் ஓடுது."

பீர்க்கங்கொடியைப் பற்றிப் படித்தார். கோடையில் எந்தெந்தச் செடி எத்தனை நாள் தண்ணீரில்லாமல் நின்றது என்று படித்தார். மணி அடிக்க இரண்டு வினாடி இருக்கும்போது முடித்தார். அக்கா கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நம்பாமல் சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தார்.

பிளம்பரின் பேச்சு மிகச் சின்னது. "பெரிய குழாய் ரோட்டோரம் போகுது. தோட்டத்துக்கு நாற்பது மீட்டர். ஒரு நாள் வேலை. பள்ளம் நாங்களே தோண்டிடுவோம்." நகரமன்றப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வாக்கெடுப்பில் ஏழு கைகள் சட்டென்று உயர்ந்தன. கொஞ்சம் யோசித்து இரும்புக்கடைக்காரரும் தூக்கினார். தூக்காத ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று கோரிக்கைகளும் நிறைவேறின. செயலர் தீர்மானத்தை வாசிக்கும்போது 'களைச்செடி' என்ற சொல் எங்கும் இல்லை. 'நாட்டுச் செடிகள்' என்றுதான் மூன்று இடத்திலும் இருந்தது. அக்கா எண்ணினார்.

படியில் இறங்கும்போது மாமனார் சொன்னார்: "நான் ஆரம்பிச்சு வெச்ச ராசிம்மா. அதான் ஜெயிச்சுது."

"ஆமா, மாமா." அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோரிக்கை முதலில் வந்ததால்தான் பின்னால் வந்த ஒவ்வொரு வார்த்தையும் அதற்குச் சாட்சியாக நின்றது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

கடைக்காரர் தாளை நீட்டினார். "அக்கா, நீங்க படிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"நான் படிச்சிருந்தா அந்தக் கேள்விக்கு முழிச்சிருப்பேன்" என்றார் அக்கா. அது உண்மை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில் இருபத்தெட்டுக் குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். பள்ளம் மதியத்துக்குள் முடிந்தது. பிளம்பர் குழாயை இணைத்தார். நகரமன்ற ஆள் வந்து மீட்டரைப் பொருத்தி முத்திரை வைத்தார். நீளமான ரப்பர் குழாயை மாட்டி அக்காவின் கையில் கொடுத்தார்கள். வாளியால் மொண்டு, கையால் தெளித்தே பழகியவர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்றுத் தட்டுகளின் முன் நின்றார்.

"திறக்கட்டுமாக்கா?"

"திற."

தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. முன்வரிசைத் தட்டுகள் நாலும் அடித்த வேகத்தில் சாய்ந்தன. ரப்பர் குழாய் அவர் பிடியில் திமிறி, மாமனாரின் சட்டையை நனைத்து, நிழல்வலையில் அடித்து, எல்லோர் தலையிலும் மழையாக விழுந்தது.

"குறை! குறைடா! போதும், குறை!"

தண்ணீர் வேண்டும் என்று அத்தனை பாடுபட்டுக் கேட்டவர்கள், வந்த முதல் நிமிடத்தில் குறைக்கச் சொல்லிக் கத்தினார்கள். பிளம்பர் சிரித்துக்கொண்டே வால்வைப் பாதி மூடினார். சமையல்காரம்மா சேற்றில் மண்டியிட்டுச் சாய்ந்த தட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அக்கா முகத்தைக்கூடத் துடைக்காமல் குனிந்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாலு தட்டிலும் ஒரு நாற்றுகூடப் போகவில்லை.